கறுப்புத் தொலைபேசியின் முன்மாதிரிகள்

சுதந்திரத்துக்குப் பிந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் தொலைபேசி என்றால் பெரும்பாலும் ஒரே உருவம்தான். கறுப்பு நிறம், தூக்கினால் கை கனக்கும் எடை, மேலே படுத்திருக்கும் ரிசீவர், முன்னால் பத்துத் துளை கொண்ட டயல். எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாக மாறாத ஊர்களில் டயலுக்குப் பதில் வெற்றுத் தகடும், பக்கவாட்டில் சுழற்றுவதற்கு ஒரு கைப்பிடியும் இருக்கும். சங்கரன்கோவில் போன்ற நெசவு ஊர்களில் அந்தக் காலத்தில் அது தபால் அலுவலகம், காவல் நிலையம், பெரிய நூல் கடை, ஜவுளிக் கடை போன்ற சில இடங்களோடு நின்றுவிட்ட பொருள். கருவி வந்தது பெங்களூரிலிருந்து. அதன் வரைபடம் லிவர்பூல் வழியாக வந்தது. உருவம் பிறந்தது ஆஸ்லோவில், ஓர் ஓவியர் செய்த பிளாஸ்டர் மாதிரியில். உள்ளே இயங்கும் தத்துவமோ பாஸ்டனில் ஒரு மின்கருவிப் பட்டறையில் தொடங்கியது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் கைவிடப்பட்ட மாதிரிகள், வெற்றி பெற்றவற்றைவிட அதிகம்.

முதல் மாதிரியே ஒரு தோல்வி. பாஸ்டன் நகரின் கோர்ட் தெருவில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவர் நடத்திய பட்டறையில், 1875 ஜூன் மாதம், அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் யோசனைப்படி தாமஸ் வாட்சன் ஒரு கருவியைச் செய்தார். மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய தோல் சவ்வு, சவ்வோடு இணைந்த இரும்பு நாக்கு, அதற்கு எதிரே ஒரு மின்காந்தம். சட்டத்தின் உருவத்தால் அதற்குத் தூக்குமரத் தொலைபேசி என்ற பெயர் நிலைத்தது. அதில் குரலின் ஏற்ற இறக்கம் கேட்டது, சொல் விளங்கவில்லை. இருந்தாலும் 1876 மார்ச் 7 அன்று பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. தெளிவான பேச்சு கம்பியில் போனது அதற்கு மூன்று நாள் கழித்து, மார்ச் 10 அன்று, முற்றிலும் வேறொரு மாதிரியில். அமிலம் கலந்த நீரில் ஒரு கம்பி முனை ஏறி இறங்க, மின்தடை மாறி, குரல் மின்னோட்டமானது. அமிலக் கிண்ணத்தை யாரும் வீட்டு மேசையில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே விற்பனைக்குப் போனது மறுபடியும் மின்காந்த வகைதான்.

1877-இல் வாடகைக்கு வந்த அந்தப் பெட்டித் தொலைபேசிக்கு ஒரே வாய். பேசும்போது வாயை அதன் அருகே கொண்டுபோக வேண்டும். பதிலைக் கேட்க உடனே காதை வைக்க வேண்டும். அதே ஆண்டு கையில் பிடிக்கும் மரக் குமிழ் வடிவம் வந்தது. கேட்பதற்கு அது நன்றாக உதவியது. பேசுவதற்கு வேண்டிய பலம் மின்காந்தத்துக்கு இல்லை. பேசுபவரின் குரலே மின்சாரத்தை உண்டாக்க வேண்டியிருந்ததால் தொலைவு கூடக் கூடக் குரல் தேய்ந்தது.

இதற்குத் தீர்வாக வந்தது கரி. எடிசன் 1877 முதல் கரி வில்லையை வைத்துச் சோதித்தார். 1878-இல் இங்கிலாந்தின் ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற பாதிரியார் வில்லைக்குப் பதில் கரித்துகளைப் பயன்படுத்தினார். குரலின் அழுத்தத்தில் துகள்கள் நெருங்கி விலக, பேட்டரியிலிருந்து ஓடும் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடிக் குறையும். குரல் மின்சாரத்தை உண்டாக்க வேண்டியதில்லை, ஓடும் மின்சாரத்தைத் திருகிவிட்டால் போதும். அடுத்த நூறு ஆண்டுக்கு உலகத் தொலைபேசிகளின் வாய்ப்பகுதி இந்தத் துகளால்தான் பேசியது. அதன் நோயும் கூடவே வந்தது. ஈரக்காற்றிலும் அசையாமல் கிடந்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும், குரல் மங்கும். ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் ‘ஹலோ’ சொல்லும் பழக்கம் மூடத்தனம் அல்ல. இறுகிய கரியை உதிர்க்க அதுதான் வழி.

வாயும் காதும் ஒரே கைப்பிடியில் சேர நெடுநாள் ஆயிற்று. ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனம் 1892-இல் வளைந்த கால்களும் கைப்பிடி ரிசீவரும் கொண்ட அழகிய மேசைத் தொலைபேசியை வெளியிட்டது. அமெரிக்காவின் பெல் நிறுவனமோ 1927 வரை வாய்ப்பகுதி தனியாகவும் காதுக்குழல் தனியாகவும் உள்ள மெழுகுவர்த்தித் தண்டு வடிவத்தை விடவில்லை. காரணம் பிடிவாதம் மட்டும் அல்ல. கைப்பிடி சாயும்போது கரித்துகள் ஒரு பக்கம் சரியும். காதுப்பகுதியின் ஒலி கைப்பிடி வழியே வாய்ப்பகுதிக்குத் திரும்பி ஊளையிடும். சாய்வால் பாதிக்கப்படாத கரிக்குப்பி செய்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் காதுக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார்கள். அந்த அளவுகளிலிருந்துதான் கைப்பிடியின் நீளமும் வளைவும் முடிவாயின.

டயலின் கதை அமெரிக்காவின் கான்சாஸ் நகரிலிருந்து வருகிறது. பிணங்களை அடக்கம் செய்து தரும் தொழிலிலிருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், ஆப்பரேட்டர்கள் தன் வாடிக்கையாளர்களை வேறொருவருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகப்பட்டு, ஆப்பரேட்டரே தேவைப்படாத எக்ஸ்சேஞ்சைக் கற்பனை செய்தார் என்று ஒரு கதை உண்டு. சட்டைக் காலர் வைக்கும் வட்டப் பெட்டியில் வரிசையாக ஊசி குத்தி அவர் முதல் மாதிரியைச் செய்தார் என்பதும் அந்தக் கதையின் பகுதி. காப்புரிமை 1891-இல் கிடைத்தது. 1892-இல் இண்டியானா மாநிலத்தின் லாபோர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கியது. அங்கே சந்தாதாரரிடம் டயல் இல்லை, சில பொத்தான்களே இருந்தன. ஒவ்வொன்றையும் எத்தனை முறை அமுக்கினோம் என்று மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும். தப்பாக எண்ணினால் தப்பான வீடு. எண்ணும் வேலையை மனிதனிடமிருந்து பறித்துச் சக்கரத்திடம் கொடுத்தது 1896-இல் வந்த டயல்.

டயலின் நுட்பம், விரலை எடுத்த பிறகு நடப்பதில் இருக்கிறது. சுருள்வில் சக்கரத்தைத் திருப்பி இழுக்க, ஒரு சிறிய வேகக்கட்டுப்பாட்டுப் பொறி அதை ஒரே சீராகத் திரும்ப வைக்கிறது. திரும்பும்போது மின்சுற்று வினாடிக்குப் பத்து முறை அறுந்து சேரும். மூன்றுக்கு மூன்று துடிப்பு, சுழியத்துக்குப் பத்து. பின்னாளில் வெளியூருக்கு நேரடியாகச் சுழற்ற எஸ்.டி.டி. குறியீடுகள் வந்தபோது இந்தக் கணக்கு அப்படியே செல்லுபடியானது. சங்கரன்கோவிலின் 04636-ஐ டயலில் சுழற்றினால் 29 துடிப்பு. விரலை மீண்டும் மீண்டும் துளைக்குக் கொண்டுபோகும் நேரத்தைச் சேர்க்காமலே ஏறத்தாழ மூன்று வினாடி. டயலின் துளையில் சின்னப் பூட்டை மாட்டி வைத்த முதலாளிகளுக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் உண்டு. ரிசீவர் உட்காரும் குமிழைச் சரியான தாளத்தில் தட்டினாலும் அதே துடிப்புகள் போகும், பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

கறுப்புத் தொலைபேசியின் உருவத்துக்கு வருவோம். 1920களில் மேசைத் தொலைபேசிகள் தகட்டை அழுத்திச் செய்தவை. மணி தனிப் பெட்டியில் சுவரில் தொங்கும். பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907-இல் கண்டுபிடித்த பேக்லைட் என்ற செயற்கைப் பிசின், மின்சாரத்தைக் கடத்தாதது, சூட்டில் இளகாதது, அச்சில் அழுத்தினால் ஒரே முறையில் முழு உடலாக வெளிவருவது. ஆனால் அதற்கான எஃகு அச்சு மிகுந்த செலவு பிடிக்கும். தகட்டில் தவறு நேர்ந்தால் நெளித்துச் சரிசெய்யலாம். அச்சு வெட்டிய பின் வடிவத்தை மாற்றுவது அச்சையே தூக்கி எறிவதற்குச் சமம். அதனால் அச்சுக்கு முந்தைய மாதிரிக்கு என்றும் இல்லாத முக்கியத்துவம் வந்தது.

நார்வேயின் எலக்ட்ரிஸ்க் பியூரோ நிறுவனம், எரிக்ஸனோடு சேர்ந்து, இந்த வேலையை 1930 வாக்கில் இரண்டு பேரிடம் கொடுத்தது. உள்ளுறுப்புகள் பொறியாளர் யோஹான் கிறிஸ்டியன் பியெர்க்னெஸ் பொறுப்பு. வெளியுருவத்தை ஏற்றவர் ழான் ஹைபெர்க், ஓவியர் ஆன்றி மத்தீஸிடம் பாரிஸில் பயின்றவர். அவர் பிளாஸ்டரில் செய்த மாதிரியில் அடிப்பகுதி அகன்று, பக்கங்கள் மேல்நோக்கி ஒடுங்கி, விளிம்புகள் மெல்ல வளைந்திருந்தன. அந்தச் சரிவு அழகுக்காக மட்டும் அல்ல. செங்குத்தான பக்கங்கள் அச்சைவிட்டு எளிதில் பிரியா, சரிவு இருந்தால் வார்ப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அகன்ற அடிப்பகுதி, டயலைச் சுழற்றும்போது கருவி நகராமல் நிற்க உதவியது. 1930களின் தொடக்கத்தில் உற்பத்திக்கு வந்த இந்தக் கருவியே பிற்காலத்துப் பேக்லைட் தொலைபேசிகள் பலவற்றுக்கு மூலம். ஓர் ஓவியரின் கையும் ஒரு பொறியாளரின் கணக்கும் இவ்வளவு தகராறில்லாமல் பொருந்திய பொருட்கள் இயந்திர யுகத்தில் குறைவு.

அதே சமயத்தில் அமெரிக்காவில் வேறு முயற்சி நடந்தது. எதிர்காலத் தொலைபேசியை வரைந்து தரும்படி பெல் ஆய்வுக்கூடம் கலைஞர்கள் பத்துப் பேருக்குத் தலா ஆயிரம் டாலர் தர முன்வந்தது. ஹென்றி டிரேஃபஸ் மறுத்துவிட்டார். பொறியாளர்களோடு உட்கார்ந்து உள்ளிருந்து வெளியே வடிவமைக்க வேண்டும், தனியே வரைந்து தந்தால் பயன்படாது என்பது அவர் வாதம். மற்றவர்களின் வரைபடங்கள் கதைக்கு உதவாமல் போக, நிறுவனம் அவரிடமே திரும்பியது. 1937-இல் 302 என்ற மாதிரியும், 1949-இல் சோதனைக்கு வந்த 500 என்ற மாதிரியும் அப்படிப் பிறந்தவை. இரண்டாவதில் எண்களைத் துளைக்கு அடியிலிருந்து எடுத்துச் சக்கரத்துக்கு வெளியே பெரிதாக அச்சிட்டார்கள். படிக்க எளிது, ஆகவே வேகமாக டயல் செய்வார்கள் என்று நினைத்தார்கள். சோதனையில் மக்கள் முன்னைவிட மெதுவாகவே சுழற்றினார்கள். துளைக்குள் எண் இல்லாததால் விரலுக்குக் குறி இல்லாமல் போனது. ஆய்வுக்கூடத்தின் உளவியலாளர் ஜான் கார்லின், ஒவ்வொரு துளையின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். வேகம் திரும்பியது. மாதிரி வைத்துப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்தப் புள்ளி யாருக்கும் தோன்றியிராது.

பிரிட்டிஷ் தபால் துறை 1937-இல் அறிமுகம் செய்த 300 வரிசை, ஹைபெர்க் வடிவத்தின் வழித்தோன்றல். மணி உடலுக்குள்ளேயே வந்தது. அடியில் எண்களைக் குறித்து வைக்க இழுப்பறை வைத்தார்கள். பேசுபவரின் குரல் அவர் காதிலேயே ஓங்கி ஒலித்து அவரைத் தாழ்ந்த குரலில் பேசவைக்கும் குறையைப் போக்க உள்ளே சிறப்புச் சுருள் சேர்ந்தது. இதை உற்பத்தி செய்த நிறுவனங்களில் ஒன்று லிவர்பூலின் ஆட்டோமேட்டிக் டெலிபோன் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனி. அதன் தொழிற்சாலைக்கே ஸ்ட்ரோஜர் என்று பெயர்.

இந்தியாவின் தொடர்பு இங்கே இணைகிறது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1882 ஜனவரியில் எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி திறக்கப்பட்டன. தனியார் கம்பெனிகள் நடத்திய அவை 1943-இல் அரசின் கைக்கு வந்தன. சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதற்கும் இருந்த தொலைபேசிகள் ஏறத்தாழ 80,000. கருவிகள் எல்லாம் இறக்குமதி. 1948-இல் பெங்களூர் தூரவாணி நகரில், லிவர்பூல் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு, இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் எனும் ஐ.டி.ஐ. தொடங்கியது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைக் கோத்தார்கள். படிப்படியாகக் கரிக்குப்பி, டயல், மணி, பேக்லைட் உடல் அனைத்தும் அங்கேயே தயாராயின. ஆஸ்லோ பிளாஸ்டரின் பேரப்பிள்ளை இவ்வாறு தென்னிந்தியக் குடியுரிமை பெற்றது.

கைப்பிடி சுழற்றும் வகை அதிக நாள் நீடித்ததற்குக் காரணம் உண்டு. டயல் கருவிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரம் வர வேண்டும். நீண்ட, மெலிந்த கம்பியில் அது வலுவிழக்கும். கைப்பிடிக் கருவிக்குத் தன் பேட்டரி தன்னிடமே இருந்தது. மணியடிக்க வேண்டிய மின்சாரத்தைக் கைப்பிடி சுழற்றும் காந்தப்பொறி கொடுத்தது. தாலுகா ஊரிலிருந்து வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்கு கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கேற்பக் கட்டணம் ஏறும். ஆப்பரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூர் எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி நாட்டில் முதன்முதலாக 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது.

கருவியில் கடன் வாங்கிய வடிவம் பொருந்தியது போல எக்ஸ்சேஞ்சில் பொருந்தவில்லை. 1960களின் நடுவில் பெல்ஜியக் கம்பெனி ஒன்றின் பென்டகோன்டா கிராஸ்பார் என்ற எக்ஸ்சேஞ்ச் முறையை ஐ.டி.ஐ. தயாரிக்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஒரு தொலைபேசியை ஒரு குடும்பம் பயன்படுத்தும். இங்கே ஒரு தொலைபேசியை ஒரு தெரு பயன்படுத்தும். ஓர் இணைப்பு தாங்க வேண்டிய அழைப்புகள் வடிவமைத்தவர்களின் கணக்கைத் தாண்டிப் போக, எக்ஸ்சேஞ்சுகள் திணறின. 1956-இல் தொடங்கிய டெல்லித் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்கள் அதை இந்தியப் போக்குவரத்துக்கேற்ப மாற்றி வடிவமைக்க நேர்ந்தது. அந்த அனுபவம் வீண்போகவில்லை. அதே மையம் 1973-இல் 100 இணைப்புகள் கொண்ட மின்னணு எக்ஸ்சேஞ்சின் முன்மாதிரியைத் தன் கையால் செய்து காட்டியது.

1980-இல் 70 கோடி மக்களுக்கு 25 லட்சத்துக்கும் குறைவான தொலைபேசிகள். பெரும்பாலானவை சில நகரங்களில். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு கிராமங்களில் ஒன்றுகூட இல்லை. இந்த நிலையில் 1984 ஆகஸ்டில் சி-டாட் எனப்படும் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம் பிறந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சாம் பிட்ரோடா ஆலோசகர், ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த ஜி.பி. மீமாம்சி தலைமை நிர்வாகி, டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து எம்.வி. பிட்கே. கெடு 36 மாதம், பணம் 36 கோடி ரூபாய், வேலைக்குச் சராசரி வயது இருபத்தைந்து கொண்ட இளம் பொறியாளர்கள்.

வெளிநாட்டு நிறுவனங்கள் பெரிய நகர எக்ஸ்சேஞ்சை முதலில் செய்து, அதைச் சுருக்கிச் சிற்றூருக்கு விற்பது வழக்கம். சி-டாட் சிறியதிலிருந்து தொடங்கியது. 128 முனைகள் கொண்ட ஊரக எக்ஸ்சேஞ்சுதான் முதல் இலக்கு. அன்றைய மின்னணு எக்ஸ்சேஞ்சுகளுக்குக் குளிர்சாதன அறை கட்டாயம். மின்சாரமே நிச்சயமில்லாத ஊரில் குளிர்சாதனத்துக்கு எங்கே போவது? ஆகவே குறைந்த மின்சாரம் உண்ணும், குறைந்த வெப்பம் தரும் சில்லுகளையே தேர்ந்தார்கள். வெப்பக்காற்று தானாக மேலெழும் இயல்பை நம்பி, விசிறியில்லாமல் ஆறும்படி அட்டைகளை அடுக்கினார்கள். தூசி புகாதபடி மூடினார்கள். முடிவில் கிடைத்தது சின்ன ஃபிரிட்ஜ் அளவுள்ள ஓர் இரும்புப் பெட்டி. கெட்டுப்போன அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் பழுது நீங்கும். அந்த இடத்திலேயே பற்றவைப்புக் கோலோடு உட்கார வேண்டியதில்லை. 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் அது சோதனைக்கு நிறுவப்பட்டது. இதே அட்டைகளை அதிகமாகச் சேர்த்து 512 இணைப்புகள் கொண்ட எக்ஸ்சேஞ்சும், பின்னர் பெரியவையும் உருவாயின. பெரிய எக்ஸ்சேஞ்ச் கெடுவுக்குள் முடியவில்லை என்று நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் சண்டை நடந்தது. சிற்றூருக்கு வேண்டியது முன்பே கிடைத்துவிட்டிருந்தது. ஐ.டி.ஐ.யோடு தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்று அதைத் தயாரித்தன.

அந்த ஆண்டுகளிலேயே எளிமையால் ஜெயித்த வடிவமைப்பு ஒன்று பொதுத் தொலைபேசி. காசு போடும் பெட்டி விலை கூடியது, அடிக்கடி பழுதாகும், உடைத்துத் திருடவும் படும். அதற்குப் பதில் சாதாரணத் தொலைபேசியோடு கட்டணம் காட்டும் ஒரு மீட்டரை இணைத்து, அதை ஒரு மனிதரிடம் ஒப்படைத்தார்கள். வசூலில் ஒரு பங்கு அவருக்கு. பெட்டியின் பூட்டு, காசைச் சரிபார்க்கும் பொறி, பழுது பார்ப்பவர் என்ற மூன்று செலவும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரால் தீர்ந்தன. மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய பூத்துகள் சந்தையும் கோயிலும் உள்ள ஊர்களில் பரவிய விதம் எல்லோருக்கும் தெரியும். பூ மார்க்கெட்டும் சேலை வியாபாரமும் ஆடித்தபசுக் கூட்டமும் உள்ள சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு அது. இதற்கிடையே 1984-இல் கருவி தயாரிப்பு தனியாருக்குத் திறந்துவிடப்பட, பொத்தான் தொலைபேசிகள் வந்து டயலின் இடத்தைப் பிடித்தன. கனத்த பேக்லைட் எடைக்கடைக்குப் போனது.

தமிழ்நாட்டிலிருந்தே எழுந்த முன்மாதிரி ஒன்றும் உண்டு. ஊரக இணைப்பில் கருவியையும் எக்ஸ்சேஞ்சையும்விட அதிகச் செலவு பிடிப்பது இரண்டையும் இணைக்கும் செம்புக்கம்பி. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி குழுவினர், மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து, கம்பிக்குப் பதில் வானலை வழியே வீட்டை இணைக்கும் கார்டெக்ட் முறையை உருவாக்கினர். ஐரோப்பாவில் ஒரு கட்டடத்துக்குள் பேசுவதற்கென்று ஏற்பட்ட தரத்தை எடுத்து, நேர்ப்பார்வையில் பத்துக் கிலோமீட்டர்வரை எட்டும்படி நீட்டினார்கள். இடைநிலையம் வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர். குளிர்சாதனம் தேவையில்லை என்ற நிபந்தனை இங்கும் தொடர்ந்தது. வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியில் சாதாரணத் தொலைபேசியையும் கணினியையும் ஒரே சமயத்தில் இணைக்கலாம். 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய நிலையங்கள் இந்த முறையில் இயங்கின. சில ஆண்டுகளில் செல்பேசிக் கட்டணம் சரிந்தது. கோபுரங்கள் அதே கிராமங்களை எட்டின. கார்டெக்டும் மஞ்சள் பூத்துகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பின்வாங்கின.